வருகைப் பதிவேட்டின் மேலட்டை

உக்ரைனில் படித்தேன் என்றால் கள்ளக்குறிச்சியில் யாரும் மேற்கொண்டு விசாரிப்பதில்லை. டாக்டர் என்று அவர்களே முடிவு செய்துவிடுவார்கள். இல்லைங்க, அங்கே அந்தக் காலத்தில் அச்சடித்த புத்தகங்களின் தோலட்டையை ஆராய்கிறேன் என்றால், "அப்ப தோல் டாக்டருங்களா?" என்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். என்ன செய்வது, பாதி உண்மைதான்.

அங்கே லிவிவ் நகரத்து நூலகம் ஒன்றில்தான் ஒரு பழைய சுவிசேஷப் புத்தகத்தைப் பார்த்தேன். மரப்பலகைமேல் கன்றுத்தோலைப் போர்த்தி, சூடேற்றிய பித்தளை அச்சால் அழுத்தியிருந்தார்கள். நடுவில் சிலுவை, நான்கு மூலைகளில் சுவிசேஷம் எழுதிய நால்வர், சுற்றிலும் திராட்சைக்கொடி. ஏறக்குறைய நானூறு வருஷம் கழித்தும் இலையின் நரம்பு விரலில் தட்டுப்பட்டது. காசின்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அப்படி முன்னட்டை முழுவதையும் ஒரு மெல்லிய தாளில் தேய்த்து எடுத்துக்கொண்டேன். வலது ஓரத்தில், கொடியின் ஓர் இலை இருக்கவேண்டிய இடம் மட்டும் வெறுமையாக விழுந்தது. அச்சை அழுத்தத் தெரியாத வேலைக்காரன் என்று ஆய்வேட்டில் எழுதிவைத்தேன்.

பிறகு போர் வந்தது. இரண்டு பையோடு ஊர் வந்து சேர்ந்தேன். போன மாதம் அந்த நூலகத்தில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். புத்தகங்களைப் பெட்டியில் அடைத்து எங்கேயோ கொண்டுபோய்விட்டார்களாம். அந்த அட்டையை யாரும் படம் எடுத்துவைக்கவில்லையாம். அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் உன் தாள் ஒன்றுதான் மிச்சம், பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டிருந்தார்.

பீரோவைத் தலைகீழாக்கினேன். தாள் இல்லை. மலைமேல் கரியாலூர்ப் பள்ளியில் டீச்சராக இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"கருப்பா பூப்பூவா சுருட்டி வெச்சிருந்தியே, அதுவா? அட்டென்டன்ஸ் ரெஜிஸ்டருக்கு அட்டை போட்டுட்டேன்டா."

"அட்டையா?"

"இன்னாத்துக்கு இப்ப கத்துற? மைதா பசையில ஒட்டி, மேல பிளாஸ்டிக் கவர் வேற போட்டிருக்கேன். வூட்ல கெடந்ததுக்கு இங்க பத்திரமாத்தான் இருக்குது."

அடுத்த மலை பஸ்ஸில் ஏறினேன். வளைவுக்கு வளைவு அக்காவைத் திட்ட வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன்.

வகுப்பில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். முடியும்வரை வாசலில் நின்றேன். பதிவேட்டை மூடி என்னிடம் நீட்டினாள். பிளாஸ்டிக்குக்கு அடியில் சிலுவையும் கொடியும் ஒரு கோடு கலையாமல் இருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சேர்த்துவைத்த வசவெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பிரித்தால் தாள் கிழிந்துவிடும், அதனால் அப்படியே படம் எடுக்கத் தொடங்கினேன்.

"சீக்கிரம் எடுடா, ஒருத்தன் லேட்டா வந்துக்கினு இருக்கான், பிரசன்ட் போடணும்" என்று அக்கா பதிவேட்டை வாங்கித் திறந்தாள். அவள் கட்டைவிரல் வலது ஓரத்து அந்த வெற்றிடத்தின் மேல் போய் உட்கார்ந்தது. பிளாஸ்டிக்கும் அந்த இடத்தில்தான் மங்கியிருந்தது.

"அக்கா, எப்பவும் இங்கதான் புடிப்பியா?"

"பின்ன வேற எங்க புடிச்சித் தொறப்பாங்க?"

அந்தப் புத்தக அட்டையிலும் அதே இடம்தான். அச்சு நன்றாகத்தான் பதிந்திருக்கிறது. ஒவ்வொரு வழிபாட்டுக்கும் யாரோ ஒருவர் அங்கே விரல் வைத்துத் திறந்து, திறந்து, அந்த இலையைத் தேய்த்துத் தீர்த்திருக்கிறார்கள். பெயர் தெரியாத அந்த வேலைக்காரரை அநியாயமாகத் திட்டி எழுதியிருக்கிறேன்.

லிவிவில் நானும் அங்கேதான் பிடித்துத் திறந்திருப்பேன். அவர் பதித்த இலையில் ஒரு துளி என் விரலோடும் போயிருக்கிறது.