செம்பரம்பாக்கத்தில் ஒரு மொட்டை, வழியில் அறுந்த ஒரு ஒயர்

தொண்ணூறுகளின் ஆரம்பம், தை மாதத்து ஞாயிறு. என் தங்கச்சி செல்வியின் குழந்தைக்குக் குலதெய்வத்துக்கு மொட்டை போடணும். ஆவடிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக் கோயிலுக்கு டிராக்டரில் போனோம். பதினஞ்சு கிலோமீட்டர் சொச்சம். ஓட்டினது நான். பின்னால் ட்ரெய்லரில் பாய் விரித்து சொந்தக்காரங்க இருபது பேர், ஒரு அண்டா, ஒரு சேவல். (இப்போது அப்படி ஆள் ஏற்றாதீங்க. அன்றைக்குக் கேட்க நாதி இல்லை. ஆனால் இங்கே சொல்லப்போகும் ஒயர் சேதி சாமான் ஏற்றுகிறவர்களுக்கும்தான்.)

ட்ரெய்லரை ஜோடித்தது செல்வியின் வீட்டுக்காரர் ஏழுமலை. ஆவடியில் ஃபேக்டரி வேலை. எதுவும் ஒழுங்காக, வரிசையாக இருக்கணும் அவருக்கு. கல்யாண வீட்டிலும் செருப்பை அடுக்கி வைப்பார். டிராக்டரிலிருந்து ட்ரெய்லரின் பின்விளக்குக்குப் போகும் ஒயர் நடுவில் தொங்கியது அவர் கண்ணை உறுத்தியிருக்கிறது. வேப்பிலைத் தோரணம் கட்டின கையோடு, ஒயரையும் ட்ரெய்லரை மாட்டும் இழுவைக் கம்பியில் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கிவிட்டார்.

எட்டு மணிக்குக் கிளம்பி, கரையான்சாவடியில் வலது பக்கம் ஒடித்துத் திரும்பி, பூந்தமல்லி தாண்டி, ஒன்பதேகாலுக்குக் கோயில். தாய்மாமன் மடியில்தான் மொட்டை. மொட்டை முடிவதற்குள் மருமகன் என் புது வேட்டியை நனைத்துவிட்டான்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பும்போது லைட்டைப் போட்டுப் பார்த்தேன். டிராக்டரில் எரியுது, ட்ரெய்லரில் இல்லை. குனிந்தால் ஒயர் அறுந்து கிடக்கிறது. காலையில் கரையான்சாவடியில் வண்டி மடங்கினபோது இழுத்திருக்கும். பகலில் யார் பார்த்தது?

"போலாம் மச்சான். இருட்டுறதுக்குள்ள பாதி வழி தாண்டிரலாம்" என்றார் ஏழுமலை.

செல்வி குழந்தையோடு கீழேயே நின்றாள். "லைட்டு எரியாம நான் ஏற மாட்டேன். மீதிப் பாதில வர்ற லாரிக்காரனுக்கு நாம எப்படித் தெரிவோம்?"

"உம்மவன் மொட்டைய பின்னாடி தூக்கிப் புடிம்மா. பளபளன்னு கீது" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"நீ முன்னாடி குந்திகினு ஓட்டுவ அண்ணே. இடிச்சா எங்க மேலதான் இடிப்பான்."

அறுந்த ஒயரின் இரண்டு நுனியையும் கையிலெடுத்தேன்.

ஏழுமலை யாருடைய சைக்கிளையோ வாங்கிக்கொண்டு ரோட்டோரப் பங்ச்சர் கடைக்கு ஓடினார். இன்சுலேஷன் டேப்பும் பழைய ட்யூபும் எட்டு ரூபாய். ஒயரைச் சீவி, ஒரே நிறத்தோடு ஒரே நிறம் முறுக்கி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக டேப் சுற்றினேன். எல்லா முடிச்சையும் ஒரே இடத்தில் போடாதீங்க. ஒன்று முன்னே, ஒன்று பின்னே இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒன்றோடொன்று உரசி ஃப்யூஸ் போகும்.

விளக்கு எரிந்தது. உடனே ஏழுமலை கயிற்றை எடுத்தார்.

"மச்சான், உங்க ஃபேக்டரியில வண்டியே திரும்பாதா?" என்று கேட்டுவிட்டு, இழுவைக் கம்பியில் சுற்றியிருந்ததை முழுக்க அவிழ்த்தேன். இரண்டு முழம் வந்தது. வண்டி திரும்புவதற்காக விட்டிருந்த நீளம் அது. அழகு பார்த்து அதைச் சுருட்டி வைத்திருக்கிறார் மனுஷன். இந்தமுறை தரையில் படாத அளவுக்கு வளைவாகத் தொங்கவிட்டு, சட்டத்தில் உரசும் இடத்தில் ட்யூபைப் போர்த்திக் கட்டினேன். வண்டியை மெல்ல நகர்த்தி, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்துப் பார்த்தோம். இழுக்கவில்லை.

செல்வி கடைசியில்தான் உட்காருவேன் என்று பின்பலகையை ஒட்டி உட்கார்ந்தாள். ஹைவேஸ் ஏறினதும் இருட்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் எட்டிப் பார்த்துக் கத்தினாள்: "ரோட்டுல செவப்பு விழுது அண்ணே!" முதல் தடவை யாரோ சிரித்தார்கள். பூந்தமல்லிக்கு முன்னால் ஒரு லாரி வேகமாக நெருங்கி, சட்டென்று பிரேக் அடித்து, ஹார்ன் கொடுத்து ஒதுங்கிப் போனது. அடுத்த திருப்பத்தில் அவளோடு இன்னும் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். குழந்தை மட்டும் அசையாமல் தூங்கினதாம்.

ட்ரெய்லர் இழுப்பவர்களுக்குச் சொல்வது இதுதான். ஒயர் தொங்கினால் தொங்கட்டும். டேப்பும் ஒரு முழ ஒயரும் சீட்டுக்கு அடியில் வைங்க. லைட்டைப் போட்டுவிட்டு, இறங்கிப் பின்னால் இருபதடி நடந்துபோய், லாரிக்காரன் இடத்தில் நின்று ஒரு தடவை பாருங்க. அன்றைக்குச் செல்வி கேட்கும்வரைக்கும் நான் அங்கே நின்று என் வண்டியைப் பார்த்ததே இல்லை.