நிலக்கரி டீசலும் ஒரு கோப்பைத் தேநீரும்

எண்பதுகளின் தொடக்கம். எண்ணெய் விலை எல்லாரையும் மிரட்டிக்கொண்டிருந்தது. கோலாலம்பூரில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் நிலக்கரியிலிருந்து எடுத்த எண்ணெயை டீசலாக்கும் வேலை எனக்கு. முதலில் வருவது கறுப்பாக, தார் வாடையோடு இருக்கும். அழுத்தத்தில் ஹைட்ரஜன் செலுத்திக் கந்தகத்தைக் கழித்து, காய்ச்சி வடித்தால் தெளிந்துவிடும். ஆனால் குளிரில் சட்டென்று பற்றாது. மலேசியாவில் குளிருக்கு எங்கே போவது? கேமரன் மலைக்குத்தான்.

மனைவியின் அண்ணன் முனியாண்டி அங்கே ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டினார். என் டீசலை அந்த லோரியில் ஊற்றிப் பார்க்கத் தோட்ட மேலாளரான துரையிடம் அவரே அனுமதி வாங்கி வைத்திருந்தார். காலை ஆறு மணிக்கு இரண்டு டின் டீசலோடு காரில் கிளம்பினேன். தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்கு ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர், நெடுக வளைவு. வயிற்றைப் புரட்டியது. நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டே ஏறினேன்.

தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். அதனால் அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம்: புது எண்ணெய் வந்தால் அதன் பக்கத்தில் ஒரு தட்டுத் தேயிலையை வைத்து மூடிவிடுவார்கள். மறுநாள் அதில் தேநீர் போட்டு, ஆலையில் தேயிலையின் பக்குவம் பார்க்கும் டீ மேக்கர் சிவலிங்கம் குடித்துப் பார்ப்பார்.

"கேட்டு வாங்குனது நான். வாடை ஏறுச்சுன்னா லோரியப் புடுங்கிருவாங்க மச்சான். அப்புறம் மம்பட்டி புடிச்சு மண்ணு வெட்டுற வேலைதான்லா," என்றார் முனியாண்டி.

"கவலையே வேண்டாம்," என்று சொல்லி நானே தேயிலையை அள்ளித் தட்டில் பரப்பினேன்.

மறுநாள் சிவலிங்கம் ஒரு வாய் குடித்துத் துப்பினார். "வாடை இருக்கு." முனியாண்டி தரையைப் பார்த்தார்.

என் எண்ணெய்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. "தார் வாடையா அய்யா?"

"இல்ல தம்பி. தைலமாட்டம் இருக்கு."

உள்ளங்கையை மோந்து பார்த்தேன். வழியில் தேய்த்த தைலம் இன்னும் போகவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. கையை அவரிடம் நீட்டினேன். அவரும் மோந்துவிட்டுச் சிரித்தார்.

இரண்டாம் முறை அவரே தேயிலையை வைத்தார். மறுநாள் கோப்பையைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். "முனியாண்டி, போய் ஊத்துலா."

பாதிக்குப் பாதி சாதா டீசல் கலந்தோம். அந்தக் குளிரில் எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. கொழுந்து மூட்டைகளோடு மேடேறித் திரும்பிய முனியாண்டி, "வித்தியாசமே தெரியல மச்சான்," என்றார். எங்கள் வேலைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. பிறகு எண்ணெய் விலை இறங்கியது, ஆய்வுக்கூடமும் வேறு வேலைக்குத் திரும்பியது. நிலக்கரியில் டீசல் செய்ய முடியும் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

மலை ஏறுபவர்கள் ஸ்வெட்டரை மறக்க வேண்டாம். வளைவுக்கு இஞ்சி மிட்டாய் போதும். தேயிலை ஆலைக்குள் போவதாக இருந்தால் தைலத்தைத் தொடாதீர்கள். நான் தொட்டதில் ஒரு மனிதர் தன் லோரியையே இழக்கப் பார்த்தார்.