வெற்றிசெல்வன் ஆப்டிகல் கேபிளுக்கு மாறிய கதை

வெற்றிசெல்வன் மஸ்கட்டில் ஒரு ஹோட்டலின் விழா அரங்கில் மைக், ஸ்பீக்கர் வேலை பார்த்தவர். ஊருக்குத் திரும்பும்போது தனக்கென்று இரண்டு சின்னப் பெட்டிகளை மட்டும் வாங்கி வந்தார். ஒன்று, நெட்டிலிருந்து பாட்டை எடுக்கும் ஸ்ட்ரீமர். இன்னொன்று, அந்த டிஜிட்டல் பாட்டைக் காதுக்கான ஒலியாக மாற்றும் டாக்.

அறந்தாங்கியில் அவருடைய வீட்டை அண்ணன் திருப்பதிதான் வெயிலில் நின்று கட்டினார். கிரகப்பிரவேசத்தில் முதல் வேட்டி துண்டு அண்ணனுக்குத்தான்.

பெட்டிகளை யுஎஸ்பி ஒயரால் இணைத்தார். எவ்வளவு உயர்ந்த தரப் பதிவும் அதில் குறையாமல் போகும். ஆனால் பாட்டு தொடங்கும் முன்பே ஸ்பீக்கரில் ஒரு ரீங்காரம். அதை எடுத்துவிட்டு, டிவி கேபிள் போன்ற கோஆக்சியல் ஒயர் போட்டார். அதிலும் அதே சத்தம். டெஸ்டரை டாக்கின் மேல் வைத்ததும் விளக்கு எரிந்தது. பிளக் பாயிண்டைக் கழற்றினார். பச்சை எர்த் ஒயர் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் அது மண்ணில் இறங்கவே இல்லை. சுவரோரம் வெட்டிவிடப்பட்டிருந்தது.

எர்த் குழி தோண்டவில்லையா என்று அண்ணனிடம் பட்டும் படாமல் கேட்டார்.

"அந்தக் குழியா? எலக்ட்ரீஷியன் கன்னி மூலையில தோண்டிப்புட்டான்டா. ஜோசியர் ஆகாதுன்னாரு. நான்தான் நின்னு மூடச் சொன்னேன். ஏன், வீட்டுல எதும் கொறையா?"

"இல்லண்ணே. சும்மா கேட்டேன்."

இந்த வீட்டைக் குறை சொன்னால் அண்ணன் அதற்குப் பிறகு வாசலை மிதிக்க மாட்டார். அது வெற்றிசெல்வனுக்குத் தெரியும். ஆப்டிகல் கேபிள் ஒன்று வாங்கினார். அதில் வெளிச்சம் மட்டும்தான் போகும், கசிகிற கரண்ட் போகாது. உயர்ந்த பதிவுகள் சில அதில் ஓடவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டார். ரீங்காரம் நின்றது.

மனைவி ராஜலட்சுமி வாஷிங் மிஷினைத் தொட்டால் சுருக்கென்கிறது என்றாள். "செருப்புப் போட்டுக்கிட்டுத் தொடு" என்றார். ஒருநாள் அது அவளைத் தூக்கி எறிந்தது. முழங்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகுதான் வெற்றிசெல்வன் குழி மூடிய கதையைச் சொன்னார்.

"அப்ப ஒங்களுக்கு முன்னமே தெரியும்."

"அண்ணன் மனசு..."

"பாட்டுல இரையக் கூடாதுன்னு ஒயரை மாத்தத் தெரிஞ்சுச்சு. எனக்குச் செருப்பா?"

அவள் எதிரிலேயே அண்ணனுக்குப் போன் போட்டார்.

"நான் கட்டுன வீட்டுல ஒம் பொண்டாட்டிக்கு ஷாக்கடிச்சுச்சா?" என்றார் திருப்பதி. "ஊரெல்லாம் சொல்லிட்டியா, இனிமேத்தான் சொல்லணுமா?"

"அண்ணே, குழி தோண்டணும், அம்புட்டுத்தான்."

"தோண்டு. தோண்டி என்னையும் போட்டு மூடு."

எர்த் குழி தோண்டினார்கள். மிஷினும் டெஸ்டரும் சாதுவாகிவிட்டன. திருப்பதி வரவில்லை. தை மாதம் அவர் மகள் ஹரிணிக்குக் கல்யாணம். பத்திரிகையை யாரோ ஒரு பங்காளி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். வரவேற்பவர்கள் வரிசையில் சித்தப்பா, சித்தி பெயர்கள் இல்லை. ராஜலட்சுமி அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"பேசாம இருந்திருக்கலாம்னு தோணுதா ஒங்களுக்கு?"

'இல்லை' என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். வெற்றிசெல்வனுக்குச் சற்று நேரம் பிடித்தது. அதற்குள் அவள் எழுந்து போய்விட்டாள்.