கம்பிகளுக்கு அடியில் ரப்பர் துண்டு

சுங்கை சிப்புட்டை அடுத்த ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். ஜப்பான்காரன் காலத்தில், அடுத்த வீட்டில் குடியிருந்த தோட்ட ஆஸ்பத்திரி டிரஸ்ஸரைச் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு அனுப்பினார்கள். லாரி ஏறும் முன் அவர் தன் கிட்டாரை என்னிடம் தந்தார்.

"அந்த அமெரிக்க மாட்டுக்காரன் பாட்டை, நான் வரதுக்குள்ள முழுசா வாசிக்கப் பழகிடுங்கண்ணே. வந்து கேப்பேன்லா."

"வெரலு ஒடிஞ்சா யாரு கட்டுப் போடுறது?" என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

கட்டைவிரல் தடித்த கம்பிகளில் மாறி மாறித் தாளம் போட வேண்டும். அதே நேரம் மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் மெட்டை வாசிக்க வேண்டும். வெள்ளைக்காரன் பாட்டுக்குத் தடை இருந்தது. ஆகவே ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டை வெட்டிக் கம்பிகளுக்கு அடியில் செருகினேன். ஓசை வாசலைத் தாண்டவில்லை. தினமும் மாலை, ஜப்பான்காரன் மாற்றிவைத்த தோக்கியோ நேரப்படி ஏழு முதல் ஏழரை வரை, அதாவது எங்கள் பழைய நேரம் ஐந்தரைக்கு, வெயில் இருக்கும்போதே பழகினேன். தடுமாறிய இடங்களை நாட்குறிப்பில் எழுதிவைத்தேன். கட்டைவிரல் தன்பாட்டுக்கு நடக்கப் பதினொரு வாரங்கள் ஆயின. பாட்டு முழுதாகக் கைக்கு வர மேலும் பல மாதங்கள்.

அதற்குப் பிறகுதான் சயாமிலிருந்து திரும்பிய தோட்டத்து ஆள் ஒருவர் வந்தார். "டிரஸ்ஸரு போயிட்டாருங்க. காலரா," என்றார்.

ஜப்பான்காரன் போனதும், துண்டை எடுத்துவிட்டு வாசிக்கத் தொடங்கினேன். என் கையில் கிட்டாரின் முழுக் குரலை அன்றுதான் கேட்டேன். அது டிரஸ்ஸர் இருந்த அடுத்த வீட்டுக்கும் நன்றாகக் கேட்டிருக்கும்; கேட்க அவர்தான் அங்கே இல்லை. பாதியில் நிறுத்தி, துண்டை மறுபடி செருகிய பிறகுதான் மீதியை வாசித்து முடித்தேன்.