கடல் மேற்கே இருந்த ஊர்

எங்கள் ஊரில் இடது, வலது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சோற்றுப் பானையைக்கூட "வடக்க தள்ளி வையி" என்பார்கள். முதுகு அரித்தால் "இன்னும் கொஞ்சம் கிழக்க சொறி" என்று சொன்ன ஆளை நான் பார்த்திருக்கிறேன், என் மாமனார்தான் அது. தூத்துக்குடியில் பிறந்தவளுக்குத் திசை தெரிய வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. கடல் எந்தப் பக்கமோ அது கிழக்கு. கப்பல் சங்கு கேட்கிற பக்கம், கருவாட்டு வாடை அடிக்கிற பக்கம் கிழக்கு. மற்ற மூன்றும் அதிலிருந்து தானாக வந்துவிடும். அந்தத் திமிரோடுதான் நான் கொழும்புக்குப் போனேன்.

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டானே, அதற்கு முந்தின வருஷம் மாசி மாதம். என் வீட்டுக்காரர் அங்கே புறக்கோட்டையில் ஒரு பலசரக்குக் கடையில் வேலையாக இருந்தார். கல்யாணமான மூன்று வருஷத்தில் நாங்கள் சேர்ந்திருந்தது மொத்தமே ஐந்து மாதம்தான். விஷக்காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, உடனே வரவும் என்று கடையிலிருந்து தந்தி வந்தது. மாமனார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். இவர் ஒரே பிள்ளை. வீட்டில் ஆம்பிளை என்று ஒருவரும் இல்லை.

"நீ படிச்சவதானளா, என்னைக் கூட்டிட்டுப் போ" என்றாள் அத்தை. அத்தை என்றால் என் மாமியார். நான் கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். எங்கள் தெருவில் அவ்வளவு படித்த பெண் நான் ஒருத்திதான். அதை நான் யாரையும் மறக்க விட்டதில்லை, அத்தையைச் சுத்தமாக விட்டதில்லை.

பெரிய கப்பல் எங்கள் கரைக்கு வராது, ஆழம் போதாது. நாலைந்து மைல் தள்ளி நிற்கும். லாஞ்சில் போய், ஆடுகிற ஏணியில் தொற்றி ஏற வேண்டும். ஏணியில் ஏறும்போது அத்தை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க அத்தை, ரெண்டு பேரும் சேந்து விழவா?" என்று கடிந்துகொண்டேன். பயத்தில் எனக்குக் கோபம்தான் வரும், அன்றும் இன்றும். கப்பலில் அத்தை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "அவன் கண்ணுக்குள்ளயே நிக்கான்ளா" என்று மட்டும் அவ்வப்போது சொன்னாள்.

மறுநாள் கொழும்பில் இறங்கி, அம்மை குத்திய தழும்பு இருக்கிறதா என்று டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்து, மூட்டையை அவிழ்த்துக் காட்டி, வெளியே வர மத்தியானம் தாண்டிவிட்டது. விசாரித்து விசாரித்துக் கடையைக் கண்டுபிடித்தோம். கடையில் கணக்கப்பிள்ளை அண்ணாச்சி மட்டும் இருந்தார். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான், கொழும்புக்கு வந்து பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. முதலாளி சரக்கு விஷயமாகக் கண்டிக்குப் போயிருந்தார். கடையைச் சாத்திவிட்டு எங்களோடு வர அவருக்கு வழியில்லை.

"அவிய எப்படி இருக்காவ?" என்று கேட்டேன்.

"காலையில பார்த்தேன். நீங்க வாரீங்கன்னு சொன்னதும் முகமே மாறிட்டு." பிறகு அத்தைக்குக் கேட்காமல் என்னிடம் சொன்னார். "டாக்டர் நம்பிக்கையாச் சொல்லல தாயி. நாளைக்குன்னு வைக்காதீங்க. இன்னைக்கே பாத்துருங்க. நாலு மணிக்கு மேல ஆறு மணி வரைக்கும்தான் உள்ள விடுவான்."

அப்போது மணி நாலாகப் போனது. ரிக்‌ஷா பிடித்துத் தருகிறேன் என்றார். அத்தை ஒரே பிடியாக மாட்டேன் என்றுவிட்டாள். "மனுசன் மாடு மாதிரி இழுப்பான், நான் ராணி மாதிரி உக்காரணுமா? எம்புள்ள கெடக்குற கெடையில அந்தப் பாவம் வேறயா?"

"அப்ப டிராம்ல போங்க. இந்தத் தெரு முனையில நின்னா வரும். கிழக்க போற வண்டியில ஏறுங்க. ஆஸ்பத்திரின்னு சொன்னா இறக்கிவிடுவான். இறங்கி வடக்க கொஞ்சம் நடந்தா வாசல். தெரிஞ்சுருமா?"

"தெரியாம என்ன?" என்றேன்.

எங்கள் ஊரில் ஜட்கா உண்டு, மாட்டு வண்டி உண்டு. தெருவுக்கு நடுவில் தண்டவாளம் போட்டு, தலைக்கு மேல் கம்பியைத் தொட்டுக்கொண்டு ஓடுகிற வண்டியை நான் அன்றுதான் பார்த்தேன். முனையில் போய் நின்றதும் இரண்டு பக்கமிருந்தும் இரண்டு வண்டிகள் மணியடித்துக்கொண்டு வந்தன. பலகையில் எழுதியிருந்த இங்கிலீஷைக் கூட்டிப் படிக்குமுன் வண்டி கிளம்பிவிடும் போலிருந்தது. எதற்குப் படிக்க வேண்டும்? தெருக் கடைசியில் கப்பல் கொடிமரங்கள் தெரிந்தன. கடல் அங்கே. அப்படியென்றால் கிழக்கு அங்கே. கடலைப் பார்த்துப் போகிற வண்டியில் அத்தையைத் தள்ளி ஏற்றி, நானும் ஏறினேன்.

உள்ளே ஒரே நெரிசல். கண்டக்டர் சிங்களத்தில் கேட்டான். "ஆஸ்பத்திரி" என்றேன். அவன் தலையை ஆட்டி, என்னவோ சொல்லி, கையைப் பின்பக்கமாகத் திரும்பத் திரும்பக் காட்டினான். பெண்கள் உட்கார இடம் பின்னால் இருக்கிறது என்று சொல்கிறான் என்று நினைத்தேன். "பொம்பளைகளுக்கு இங்கன நல்ல மரியாதை அத்தை" என்று சொல்லிக்கொண்டே அத்தையை இழுத்துக்கொண்டு பின்பெஞ்சுக்குப் போனேன். கண்டக்டர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் இருக்கிறது. அவனுக்கும் ஆயிரம் வேலை, விட்டுவிட்டான்.

வண்டி கோட்டைப் பக்கம் போய் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள், நாங்களும் இறங்கினோம். கண்டக்டர் கயிற்றைப் பிடித்து, வண்டி மேலிருந்த கம்பைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்குச் சுற்றி மாட்டினான். புதிதாக ஆட்கள் ஏறினார்கள். வண்டி வந்த வழியே திரும்பிப் போனது. நாங்கள் இறங்காமல் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். அதே வண்டி எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டிருக்கும். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்! இதை நான் எத்தனை தடவை நினைத்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.

இறங்கி வடக்கே நடக்க வேண்டும். கடலை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் வடக்கு. இது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். நடந்தோம். கட்டிடங்கள் முடிந்து கடலோரமாகப் பெரிய புல்வெளி வந்தது. பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இரண்டு பேர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி மாதிரி ஒரு கட்டிடமும் கண்ணில் படவில்லை. வழியில் ஒன்றிரண்டு பேரிடம் கேட்டேன், அவர்கள் சொன்ன சிங்களம் எனக்குப் புரியவில்லை. "கொஞ்சம் நடந்தா வாசல்னுதான அண்ணாச்சி சொன்னாரு, இந்தா வந்துரும்" என்று விறுவிறுவென்று நடந்தேன். அத்தை கப்பல் மயக்கத்தோடு பின்னால் ஓடி வந்தாள்.

நடுவில் அத்தை நின்றுவிட்டாள். கையை நெற்றியில் வைத்துக் கடலைப் பார்த்தாள்.

"ஏளா, பொழுது கடலுக்குள்ள சாயுதே."

நானும் பார்த்தேன். பார்க்காமல் இல்லை. சூரியன் கடலுக்கு மேல் சாய்ந்து, தண்ணீர் தகதகவென்று கண்ணைக் கூச வைத்தது. எங்கள் ஊரில் சாயங்காலக் கடல் ஒருநாளும் அப்படி மின்னாது. எழுத்து வாசனை இல்லாத கிழவி அதைக் கண்டு நின்றாள். எட்டாவது படித்த நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இது வேற தேசம் அத்தை. இங்கன எல்லாம் அப்படித்தான் இருக்கும். வாயை மூடிட்டு வாங்க."

அத்தை வாயை மூடிக்கொண்டு வந்தாள்.

புல்வெளியின் அந்தக் கோடி வரைக்கும் போய்விட்டோம். அங்கே ரிக்‌ஷாவை நிறுத்திவிட்டுப் பீடி குடித்துக்கொண்டிருந்த ஒருவர் நாங்கள் பேசுவதைக் கேட்டு, "என்னம்மா, எங்கன போறீங்க?" என்றார். தமிழைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சொன்னேன். அவர் பீடியைக் கீழே போட்டார்.

"எந்த ஊரு?"

"தூத்துக்குடி."

"அதான பார்த்தேன். கடலு கிழக்கன்னு நடந்துட்டீங்களாக்கும்? இங்கன கடலு மேக்கம்மா. ஆஸ்பத்திரி அந்தாக்கில கெடக்கு, நீங்க நேர் எதிர வந்துட்டீங்க."

ஊரே ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி நின்றதுபோல் இருந்தது. அத்தையைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. 'நான் அப்பமே சொன்னேனே' என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். மனுசன் இழுக்கிற வண்டியில் ஏற மாட்டேன் என்றவள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானாக ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்தாள். "ஏறுளா" என்றாள்.

பாவம், அந்த மனிதர் எங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு ஓடினார். வாசலில் இறங்கியபோது உள்ளே மணியடித்து முடித்திருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். காவல்காரர் கம்பிக் கதவைச் சாத்தினார். அத்தை அவர் காலில் விழுந்தாள், நானும் விழுந்தேன். அவர் சங்கடத்தோடு எங்களைத் தூக்கிவிட்டு, காலையில் வரச் சொல்லிக் கையைக் காட்டினார். அவர் மேல் தப்பில்லை. நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை அந்தக் கதவு திறந்துதான் கிடந்தது.

காலையில் போனோம். கட்டில் காலியாக இருந்தது. விரிப்பைக்கூட எடுத்துவிட்டார்கள்.

பக்கத்துக் கட்டிலில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் படுத்திருந்தார். தாயும் மனைவியும் என்று எங்களைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்கள் தாயும் மனுசியுமோ? விடியக்காலமைதான் போனவர். நேற்றுப் பின்னேரம் முழுக்க வாசலையே பாத்துக்கொண்டு கிடந்தவர். அம்மாவும் மனுசியும் வருகினம் எண்டு எல்லாரிட்டையும் சொன்னவர். வாசல் தெரியேல்லை எண்டு தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னவர். நான்தான் ஆளைக் கூப்பிட்டு உயர்த்துவிச்சனான்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

காரியங்களை அங்கேயே முடித்துக்கொண்டு ஊர் திரும்பினோம். லாஞ்சு கரையைத் தொடும்போது காலை நேரம். சூரியன் எங்களுக்குப் பின்னால், கடலுக்கு மேலே, எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றது. வீட்டு வாசலில் சாதிசனம் கூடியிருந்தது. என் நாத்தனார் முறைக்காரி ஒருத்தி அத்தையைக் கட்டிக்கொண்டு, "உசுரோட முகத்தையாவது பாத்தீங்களா?" என்று கதறினாள். நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதோ சொல்லப்போகிறாள், சொல்லட்டும் என்று நின்றேன்.

"கப்பலு லேட்டாயிட்டு தாயி" என்றாள் அத்தை. "நாங்க போய் எறங்கயில எல்லாம் முடிஞ்சிட்டு."

பதினாறாம் நாள் வந்தவர்களுக்கும் அதுதான். வருஷத் திதிக்கு வந்தவர்களுக்கும் அதுதான். என் சொந்த அம்மா கேட்டதற்கும் அதுதான். கப்பலு லேட்டு. தனியாக நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போதும் அவள் அந்தச் சாயங்காலத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நான்தான் மூடச் சொல்லியிருந்தேனே.

ஒன்று மட்டும் மாறிவிட்டது. அதைக் கண்டுபிடிக்க எனக்குச் சில மாதங்கள் ஆயின. அத்தை பக்கத்து வீட்டுக்காரியிடம் "அந்தக் கட்டிலைக் கிழக்க இழு" என்பாள். தண்ணீர் கொண்டுவருகிறவனிடம் "வடக்க இறக்கி வையி" என்பாள். என்னிடம் மட்டும் "இந்தப் பக்கம்", "அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டுவாள். என் காதுபடக் கிழக்கு என்ற சொல்லை என்னைப் பார்த்து அவள் சொல்லவே இல்லை. என் மனது நோகக் கூடாதென்றுதான் அப்படி என்று எனக்குத் தெரியும். அதற்குப் பதில் நாலு அறை அறைந்திருக்கலாம். நான் திருப்பிச் சண்டை போட்டு, அழுது, கொஞ்சமாவது ஆறியிருப்பேன்.

ஏழு வருஷம் கழித்து அத்தை படுக்கையில் விழுந்தாள். கடைசி நாளில் என்னைக் கூப்பிட்டு, "புரட்டிப் போடுளா" என்றாள்.

எனக்கு அடக்க முடியவில்லை. "எங்கிட்டு அத்தை? கிழக்கயா, மேக்கயா? ஒரே ஒருக்க எங்கிட்டச் சொல்லுங்க" என்று கெஞ்சினேன்.

அத்தை கையைச் சிரமப்பட்டுத் தூக்கி, கடல் பக்கமாகக் காட்டினாள்.

"இந்தப் பக்கம்" என்றாள்.