காணாமல் போன நோயாளிகள்

அந்தக் கண் மருத்துவமனையில் அவளுக்கு 'உளவுத்துறை' என்று பட்டப்பெயர். மூன்றாவது மாடியில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, நோயாளிகளின் டேட்டாபேஸைப் பதினோரு வருடமாக அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். 'பேக்கப் வெற்றி' என்று திரை சொன்னால் நம்பமாட்டாள். வாரம் ஒருமுறை அந்தப் பிரதியை வேறொரு கணினியில் திறந்து, எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்ப்பாள். வீட்டிலும் அப்படித்தான். கணவர் கதவைப் பூட்டிய பிறகு ஒருதரம் இழுத்துப் பார்த்தால்தான் படியிறங்குவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை வரவேற்புப் பெண் அவளைக் கீழே கூப்பிட்டாள். மேசை முன் ஒரு பெரியவர் நின்றிருந்தார். இரண்டு மாதத்துக்கு முன் வலது கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், இப்போது இடது கண்ணுக்கு வந்திருந்தார். கணினியில் அப்படி ஓர் ஆளே இல்லை.

"வேற ஆஸ்பத்திரியா இருக்கும், நல்லா யோசிச்சுப் பாருங்கய்யா," என்றாள் வரவேற்புப் பெண்.

"கண்ணுதாம்மா மங்கல், புத்தி நல்லாத்தான் இருக்கு."

அவள் மேலே போய், போன மாதம் முதல் தேதி எடுத்த பேக்கப்பைத் திறந்தாள். அதில் பெரியவர் இருந்தார். பழைய பிரதியையும் இன்றைய பட்டியலையும் ஒப்பிட்டபோது அவரைப் போல முப்பத்தெட்டுப் பேர் காணாமல் போயிருந்தார்கள்.

அழிக்கும் அனுமதி இரண்டே பேருக்குத்தான். ஒன்று அவள். இன்னொருவர் மூன்று மாதத்துக்கு முன் வேறு கிளையிலிருந்து அவளுடைய பிரிவுக்கு மாற்றலாகி வந்தவர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர், வாயே திறக்கமாட்டார். மனசுக்குள் அவரை 'அமுக்குணி' என்றுதான் சொல்லிக்கொள்வாள். அவருடைய அறைக்குள் அவள் போனால் திரையில் எதையோ மூடிவிடுவார். கறுப்பு நோட்டில் என்னவோ எழுதுவார். இப்போது எல்லாமே சந்தேகமாகத் தெரிந்தது.

யாரிடமும் சொல்லாமல் அவருடைய அனுமதியை எடுத்துவிட்டாள். மதியம் அவர் வந்து நின்றார்.

"எனக்கு அனுமதி போயிருக்கேம்மா, நீ எடுத்தியா?"

"சர்வர்ல ஏதோ கோளாறுண்ணே, பாக்கறேன்."

அவர் தன் இடத்துக்குத் திரும்பிப் போனார்.

மறுநாள் காலை இன்னும் இரண்டு பேர் இல்லை. அவள் ஒரு பொறி வைத்தாள். யார் எந்தப் பதிவை அழித்தாலும், ஆள், நேரம் இரண்டையும் தனி அட்டவணையில் குறித்துவைக்கும் ஒரு சின்ன நிரல். மூன்று நாள் கழித்துத் திறந்து பார்த்தால், அழித்தவர் என்ற இடத்தில் அவளுடைய பெயரே இருந்தது. காலை ஆறரை மணி. அந்த நேரத்தில் அவள் பேருந்தில் இருப்பாள்.

நேரே அவரிடம் போனாள். "அண்ணே, என் பாஸ்வேர்ட் உங்களுக்குத் தெரியுமா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நாலு நாளா நீ பாக்கற பார்வை புரியாமயில்ல. அந்தப் பட்டியலைக் காட்டு." விரலால் நேரத்தைத் தொட்டுக் காட்டினார். "மூணு நாளும் ஆறு முப்பது, ஒரு நொடிகூடப் பிசகல. மனுஷன் இப்படி வருவானா? தானா ஓடற வேலைங்களைப் பாரு."

பார்த்தாள். ஆறு வருடத்துக்கு முன் அவளே எழுதிய ஸ்கிரிப்ட், தினம் காலை ஆறரைக்கு அவள் பெயரிலேயே தானாக ஓடும் நிரல். அப்போது ஊழியர்கள் பயிற்சிக்காகப் போடும் பொய்ப் பதிவுகளில் தொலைபேசி எண் இருக்காது. எண் இல்லாத பதிவை முப்பது நாள் கழித்து அழித்துவிடு என்று எழுதியிருந்தாள். மூன்று மாதத்துக்கு முன் வந்த புதுப் படிவத்தில் எண் கட்டாயமில்லை. போன் இல்லாத நிஜ மனிதர்களை அது சத்தமில்லாமல் துடைத்துக்கொண்டிருந்தது.

காது மடல் சுட்டது. ஸ்கிரிப்டை நிறுத்தினாள். பேக்கப்புகளிலிருந்து எல்லோரையும் முதலில் தனி அட்டவணையில் எடுத்துவைத்து, ஒவ்வொருவராகச் சரிபார்த்து, பிறகே உள்ளே சேர்த்தாள். பக்கத்தில் நாற்காலி போட்டு அவரும் வாசித்து, சேர்ந்த பெயர்களைக் கறுப்பு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார்.

"அனுமதியை எடுத்தது நான்தாண்ணே."

"தெரியும். நானா இருந்தாலும் எடுத்திருப்பேன். சொல்லிட்டு எடுத்திருப்பேன்."

தவறு தன்னுடையது என்று இயக்குநருக்கு எழுதிக் கொடுத்தாள். அடுத்த வாரம் பெரியவருக்கு இடது கண் அறுவை சிகிச்சை நடந்தது.

அதன்பின், அழிக்கும் ஸ்கிரிப்ட் எதுவானாலும் யார் யார் அழியப்போகிறார்கள் என்று முதலில் பட்டியல் காட்ட வேண்டும், இன்னொருவர் வாசித்துச் சம்மதிக்க வேண்டும் என்று இருவரும் முடிவு செய்தார்கள். பழைய ஸ்கிரிப்டுகள் நாற்பது இருந்தன. தினம் மதியம் இரண்டிரண்டாக வாசித்தார்கள். பத்தொன்பதாவதில் இன்னொரு தவறு அகப்பட்டது. அதையும் எழுதியவள் அவள்தான்.