நோ, உளைவு, எரிவு

உள்ளி போட்டு நல்லெண்ணெய் காயும் மணம் எங்கள் முரசுமோட்டைக் கிராமத்துக் குசினியில் எழுந்தால், அன்று வீட்டில் யாருக்கோ "உளைவு" என்று பொருள். கூலிக்கு வயல்வேலை செய்த அம்மா ஒரு நோவை இன்னொன்றோடு கலக்கவிடமாட்டார். உள்ளுக்குள் விடாமல் குடையும் உளைவுக்குத்தான் அந்த எண்ணெய். "குத்து" என்றால் வறுத்த உப்பு ஒத்தடம். "எரிவு" என்றால் மல்லித் தண்ணீர். நான் வெறுமனே "நோகுது" என்றால் விடமாட்டார்.

"நோகுதெண்டா எனக்கும்தான் நோகுது. குத்துதோ, உளையுதோ, எரியுதோ? பள்ளிக்கூடக் கள்ளமெண்டா அதையும் சொல்லு, அதுக்கு ஈர்க்கு இருக்கு."

அப்பா இல்லாத வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே. எனக்குப் பதினொரு வயதான அறுவடைக் காலத்தில் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரம்பில் அமர்ந்துவிட்டபோது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் நான்தான். "ஆரோ பிழியிற மாதிரிக் கிடக்கு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். வைத்தியருக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும். "நோவா, எரிவா?" என்று என்னைக் கேட்டார். பிழிவதை அவருக்கு எப்படி விளங்கவைப்பதென்று தெரியாமல், பின்னால் நின்ற வரிசைக்கும் கூச்சப்பட்டு, "எரிவு" என்றேன்.

"எரியேல்லை, பிள்ளை" என்றார் அம்மா, மெதுவாக.

"பேசாம இருங்கோ அம்மா."

வயிற்றெரிவுக் குளிசைகளோடு வீடு வந்தோம். நாலாம் நாள் மயங்கி விழுந்தவரை அயலவர்கள் தூக்கிப்போக, அங்கே வேறொரு வைத்தியர், இருதயம் பழுதுபட்டுவிட்டது, முதலே வந்திருக்கலாமே என்று கடிந்தார். நான் கட்டிலடியில் நின்றேன்.

"ஓம் ஐயா, என்ரை அசண்டைதான், கவனிக்காம விட்டிட்டன்" என்றார் அம்மா. என்னைப் பார்க்கவில்லை.

அதன்பின் அவர் வயலில் இறங்கவேயில்லை. அவர் கண்மூடும் வரை எட்டு வருடங்கள் ஒரே வீட்டில் இருந்தோம். அந்த நாளைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்று கணவர் வெளிநாட்டில். ஐந்து வயது மகள் வயிற்றைப் பிடித்தாலே, குத்துதோ, உளையுதோ என்று துளைத்தெடுக்கிறேன். அவளைப் பயப்படுத்துகிறேனோ என்று பிறகு யோசிக்கிறேன். தொலைக்காட்சியில் பழகிய "வலிக்குது" ஒன்றுதான் அவளிடம் இருக்கிறது. உளைவு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது.

அன்று நான் செய்ததற்கும் ஒரு சொல் தேடிக்கொண்டிருக்கிறேன். "தவறு" என்றால் சிறிதாகத் தெரிகிறது. "குற்றம்" என்றால் பதினொரு வயதுக்குப் பெரிதோ என்று நினைக்கிறேன். அதுவுமில்லை, இதுவுமில்லை என்று மெதுவாகத் திருத்தக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார்.